இருபது மணி நேரத்துக்கு மேல்

எந்த ஆபீசுக்குப் போனாலும், வேலை செய்த நேரத்தைக் கூட்டி எழுதத்தான் ஆட்கள் பார்ப்பார்கள். எங்கள் இடத்தில் மட்டும் குறைத்து எழுதச் சொல்லிச் சண்டை போடுவார்கள்.

"ஏம்மா, எனக்கு ஏன் நாலு மணி நேரம் போட்ட? ரெண்டுன்னு போடு. வியாழக்கிழமையும் நான் வர வேணாமா?"

"சார், நீங்க காலைலேர்ந்து இங்கதான இருக்கீங்க."

"இருந்தா? டீ குடிச்ச நேரத்தைக் கழி. பேசின நேரத்தைக் கழி. நான் பேசினதையெல்லாம் கழிச்சா நான்தான் உனக்குப் பாக்கி வைக்கணும்."

சத்தியமாக இப்படித்தான். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், மூட்டு வலியோடு வரும் நர்சம்மா, வேலை தேடிக்கொண்டிருந்த நான் என்று மொத்தம் நாற்பத்து மூன்று வாலண்டியர்கள். இடம், நகராட்சியின் பழைய லாரி ஷெட். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நோயாளிகளுக்கு வீல்சேர், வாக்கர், தலைப்பக்கம் தூக்கும் கட்டில் எல்லாம் இலவசமாகக் கொடுப்போம். தேவை முடிந்ததும் திரும்ப வாங்கி, கழுவி, ரிப்பேர் பார்த்து அடுத்தவருக்குக் கொடுப்போம். பாதி அரசாங்கம், பாதி தர்மம். சம்பளம் வாங்கும் ஆள் ஒரே ஒருவர், வேன் டிரைவர்.

வாலண்டியர்களுக்கு அரசாங்கத் துறை ஒன்றே ஒன்று கொடுத்தது. ஹெல்த் இன்சூரன்ஸ். மையத்தின் வேலையில் இருக்கும்போது அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு முழுதும் கம்பெனி பார்த்துக்கொள்ளும். ஒரே நிபந்தனை, வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் அவர் வாலண்டியர் இல்லை, வேலையாள். வேலையாள் என்றால் சம்பளம் கொடு, வேலையாளுக்கான இன்சூரன்ஸ் எடு. அதற்கெல்லாம் மையத்திடம் ஏது வழி?

அதனால் எல்லோரும் இருபதுக்குள் இருந்தார்கள். அதாவது, என் ரெஜிஸ்டரில் இருந்தார்கள்.

யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, நானே கண்டுபிடித்த முறை அது. ஒருவருக்கு இருபது நிறைந்துவிட்டால், அதற்கு மேல் அவர் செய்யும் நேரத்தை அடுத்த வாரத்தில் பென்சிலால் எழுதிவிடுவேன். அடுத்த வாரம் அவர் லீவு போட்டால் பென்சில் மேல் பேனா. போடாவிட்டால் அதற்கடுத்த வாரம். எப்போது எடுத்துப் பார்த்தாலும் ரெஜிஸ்டர் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆடிட்டுக்கு வந்த துறை ஆள் இரண்டு நிமிடம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நீட்டா நான் எங்கயும் பாத்ததில்ல" என்றார். எங்கள் இயக்குநர், அவரை நாங்கள் மேடம் என்போம், எல்லோர் முன்னாலும் என் தோளில் தட்டினார். "இந்தப் பொண்ணு இல்லேன்னா நாம நாறிப் போயிருப்போம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "சம்பளம் இல்லாத உத்தியோகத்துல புரமோஷனா?" என்று கேட்டுவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்.

என் பென்சில் அதிகம் தேய்ந்தது டெய்லர் அண்ணாவுக்காகத்தான்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஓர் ஆள் மட்டும் உட்காரும் கடை அவருக்கு. பேண்ட் அடி மடிப்பது, ஜிப் மாற்றுவது, பைக்கு ஒட்டுப் போடுவது. போன வருடம் அவர் அப்பா இறந்தபின் வீல்சேரைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், வரிசையில் நின்ற இன்னொரு வீல்சேரின் சீட்டைப் பார்த்து முகம் சுளித்தார்.

"யாரு தச்சது இத? தையலா இது, தண்டவாளமா? இதுல உக்காந்தா முதுகு புண்ணாப் போயிடும்."

"உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க தைங்களேன்" என்றேன் சும்மா.

தைத்தார். அன்றைக்கு இரண்டு, மறுநாள் மூன்று. பிறகு மத்தியானமானால் கடையைச் சாத்திவிட்டு வர ஆரம்பித்தார், போகப் போகக் காலையிலேயே வந்துவிடுவார். "கடை என்னாச்சு அண்ணா?" என்று கேட்டால், "பேண்ட் குடுத்தவன் நாளைக்கு வந்து வாங்கிப்பான், அவனுக்கு இன்னொரு பேண்ட் இருக்கு. இதுல உக்காரப் போறவனுக்கு வேற முதுகா இருக்கு?" என்பார்.

இன்சூரன்ஸ் கார்டு கொடுத்த அன்று அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். முன்னே பின்னே திருப்பிப் பார்த்தார். மறுநாள் லேமினேட் செய்து, ஓரத்தில் ஓட்டை போட்டு, தானே தைத்த பட்டியில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"ரெஜிஸ்டர்," என்றார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "எங்க வீட்டுல இதுவரைக்கும் யாருகிட்டயும் இது இருந்ததில்ல. உங்க அண்ணிகிட்டக் காட்டினேன். அவ ஹாஸ்டல்ல பாத்ரூம் கழுவறவ, எதையும் லேசுல நம்ப மாட்டா. இது ஒரிஜினலான்னு சுரண்டிப் பாக்கறா."

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு டிரைவரிடமிருந்து போன் வந்தது. மூன்றாவது மாடியிலிருந்து ஒரு கட்டிலைத் திரும்ப எடுக்கப் போயிருந்தார்கள். லிப்ட் ஓடவில்லை. கூடப் போக வேண்டிய வாலண்டியர் வரவில்லை என்றதும், தைத்துக்கொண்டிருந்த டெய்லர் அண்ணா எழுந்து போயிருக்கிறார். படியில் இறக்கும்போது கட்டில் சறுக்கி, அவருடைய வலது கை கட்டிலின் இரும்புச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

டிரைவர் அழுதார். "நான் தலைமாட்டுப் பக்கம் பிடிச்சேன், அவர் கால்மாட்டுப் பக்கம். எனக்கு ஒரு கீறல் இல்ல பாப்பா."

ஒரே கட்டில். தலைமாட்டைப் பிடித்தவருக்கு ஊழியர் இன்சூரன்ஸ் முழுதாக இருந்தது.

டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கும் நரம்பு அறுந்திருக்கிறது. பத்து நாளைக்குள் ஆபரேஷன் செய்தால் சேர்த்துவிடலாம். தள்ளிப்போனால் நரம்பு உள்ளே சுருங்கிவிடும், அப்புறம் அந்த இரண்டு விரலும் மடங்காது. கத்தரிக்கோல் பிடிக்கிற கை அது. டெய்லர் அண்ணா இடது கையால் கார்டை எடுத்து நீட்டினார்.

"டாக்டர், இதக் காட்டினாப் போதும்ல?"

ஆஸ்பத்திரி கவுண்டரிலிருந்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பேசினார்கள், கம்பெனியிலிருந்து எனக்குப் பேசினார்கள். "வெள்ளிக்கிழமை இவர் டூட்டியில இருந்தாரா? ரெஜிஸ்டர் பாத்துச் சொல்லுங்க."

பார்க்க வேண்டியதில்லை. எனக்கே தெரியும். புதன்கிழமையே அவருக்கு இருபது நிறைந்துவிட்டது. வியாழனும் வெள்ளியும் அவர் பெயருக்கு எதிரே வெறும் கோடு.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. திங்கட்கிழமை எனக்கு ஓர் இன்டர்வியூ இருந்தது. நான் வரமாட்டேன் என்பதால், திங்கட்கிழமைப் பக்கத்தை வெள்ளிக்கிழமை மத்தியானமே எழுதி முடித்திருந்தேன். டெய்லர் அண்ணாவின் மிச்ச நேரத்தில் நாலு மணி நேரத்தைக் கொண்டுபோய் அங்கே வைத்தேன். பென்சிலில் இல்லை, பேனாவில். பதினோரு மணி முதல் மூன்று மணி வரை. வேலை: சீட் தைத்தல்.

ஆக, அடிபட்ட அன்று அவர் ஆளே வரவில்லை. கையில் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த திங்கட்கிழமை, எங்கள் ஷெட்டில் உட்கார்ந்து நாலு மணி நேரம் தைத்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை மேடம் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேடம் கெட்டவர் இல்லை. தன் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் நாலு வீல்சேரோடு இதை ஆரம்பித்தவர். இரண்டு நாளாகத் தூங்காத கண்.

"நாளைக்கு இன்சூரன்ஸ் ஆபீசர் விசாரணைக்கு வர்றாரு. வெள்ளிக்கிழமை அவர் வாலண்டியரா வரல, டிரைவருக்குத் தெரிஞ்சவருங்கிற முறையில ஒத்தாசைக்குப் போனாருன்னு சொல்லிடு. திங்கட்கிழமைக்கு, வேற ஆளு நேரத்த வரி மாத்தி எழுதிட்டேன்னு சொல்லு."

"அப்ப அவரு கை, மேடம்?"

"நாம எல்லாரும் சேர்ந்து பாத்துப்போம்."

"எப்போ? பத்து நாள்ல அஞ்சு நாள் போயிடுச்சு."

"கத்தாத." குரலைத் தாழ்த்தினார். "ரெஜிஸ்டர் பொய்னு தெரிஞ்சா நாப்பத்து மூணு பேரோட இன்சூரன்சும் போகும். துறை கை கழுவிடும். ஷெட்டப் பூட்டிட்டா நூத்துக்கணக்குல வீட்டுல படுத்திருக்கவங்க என்ன பண்ணுவாங்க? ஒரு ஆளு கையா, இவ்ளோ பேரான்னு நீயே யோசி."

"அந்த ஒரு ஆளு தச்ச சீட்டுலதான மேடம் இவ்ளோ பேரும் உக்காந்திருக்காங்க."

மேடம் மேஜையில் இருந்த காகிதத்தை எடுத்துப் படிப்பது போலப் பிடித்துக்கொண்டார். அது தலைகீழாக இருந்தது.

புதன்கிழமை காலை நான் வரும்போது, வாக்கர்கள் அடுக்கிய மூலையில் பெஞ்சில் அண்ணி உட்கார்ந்திருந்தார். டெய்லர் அண்ணாவின் மனைவி. ஹாஸ்டல் யூனிபார்ம் புடவையோடு நேராக வந்திருந்தார்.

"நீதான் நேரம் எழுதற பொண்ணா?"

"ஆமா அண்ணி."

"அவரு எப்பப் பாத்தாலும் ரெஜிஸ்டர், ரெஜிஸ்டர்னு உன்னப் பத்தித்தான் பேசுவாரு. கூட்டியும் சொல்ல வேணாம், குறைச்சும் சொல்ல வேணாம். நடந்தத நடந்தபடி சொல்லு. அது போதும் எனக்கு."

நான் சரி என்றேன். உண்மையில் அதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன். ஏனென்றால் என்னிடம் ஆதாரம் இருந்தது.

என்னிடம் இன்னொரு நோட்டு இருந்தது. அதில் ஒவ்வொருவரும் நிஜமாகவே வந்த நேரம், போன நேரம், செய்த வேலை எல்லாம் எழுதி வைத்திருந்தேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. வருட முடிவில் எல்லோரையும் உட்கார வைத்து, பாருங்கள், நீங்கள் இவ்வளவு செய்திருக்கிறீர்கள் என்று படித்துக் காட்ட வேண்டும் என்று ஆசை. அவ்வளவுதான்.

ஆபீசர் வயதானவர். மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் தண்ணீர் பாட்டில். முறைப்பாக எதுவும் கேட்கவில்லை. ரெஜிஸ்டரைப் புரட்டி, திங்கட்கிழமையில் விரலை வைத்தார்.

"அம்மா, இவரு திங்கட்கிழமை ஆஸ்பத்திரில இருந்தாருன்னு என்கிட்ட பேப்பர் இருக்கு. இங்க வந்து தச்சிருக்காரே. கட்டுப் போட்ட கையாலயா?"

மேடம் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். பென்சில் முறை, பேனா முறை, இருபது மணி நேரம், வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு அவர் வந்தது, கட்டில், எல்லாம். மூச்சு விடாமல் சொன்னேன். கடைசியில் பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இதுல இருக்கறதுதான் சார் நிஜம்."

ஆபீசர் வாங்கிப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். உதடு அசைய ஒரு வாரத்தைக் கூட்டினார். அடுத்த வாரத்தைக் கூட்டினார். பக்கம் திருப்பினார்.

"முப்பத்தேழு மணி நேரம்," என்றார். "இந்த வாரம் முப்பத்தஞ்சு. இது முப்பத்தெட்டு. பதினோரு மாசமா இப்படியா வந்திருக்காரு?"

"ஆமா சார்!" எனக்குக் குரல் உடைந்தது, பெருமையில்தான். "ஒரு நாள் கூட சும்மா உக்கார மாட்டாரு சார்."

"பெரிய மனுஷன்மா." ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உடனே மாட்டவில்லை. "ஆனா இவரு வாலண்டியர் இல்லியே."

எனக்குப் புரியவில்லை.

"இருபதுக்கு மேல போனா வேலையாள். நான் எழுதின ரூல் இல்ல, பாலிசியில இருக்கு. வேலையாளுக்கு உங்க மையம்தான் இன்சூரன்ஸ் எடுத்திருக்கணும். எங்க கம்பெனி இவருக்குக் குடுக்க முடியாது."

"அப்ப எங்க மையம் குடுக்குமா சார்?"

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் ரெஜிஸ்டரைப் பார்த்தார். "எங்க பதிவேட்டுப்படி அவர் வாலண்டியர்தான்" என்றார் மெல்ல.

அவர்களுக்கு அவர் வேலையாள், இவர்களுக்கு வாலண்டியர். இரண்டு பேரிடமும் எழுத்தில் ஆதாரம் இருந்தது. இரண்டும் என் கையெழுத்து.

ஆபீசர் நோட்டின் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் வாசல் வரை பின்னாலேயே ஓடினேன். "சார், வேற வழியே இல்லியா சார்?"

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். அண்ணி பெஞ்சிலிருந்து எழுந்து எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் பொண்ணு மாதிரி இருக்க, சொல்றேன். அந்த ரெண்டாவது நோட்ட நீ வெளிய எடுக்காம இருந்திருந்தா, வெள்ளிக்கு எழுத வேண்டியத திங்கள்ல எழுதிட்டாங்க, எழுத்துப் பிழைன்னு ரிப்போர்ட் போட்டிருப்பேன். ஒரு வாரம் நாலு மணி நேரம் கூடினதெல்லாம் மேல கண்டுக்க மாட்டாங்க. பதினோரு மாசத்த நான் எங்க ஒளிச்சு வைக்கறது?"

"இப்ப மறைச்சிடுங்க சார். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"எனக்கும் வீடு, பென்ஷன் எல்லாம் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

அண்ணி என் பக்கத்தில் வந்தார். எல்லாம் கேட்டிருந்தது. நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னவர் அவர்தான். பையைத் தூக்கிக்கொண்டு போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மிச்சமிருந்த நாட்களில் நாய் மாதிரி அலைந்தேன். துறை ஆபீசில் மனுவை வாங்கி முத்திரை குத்தி, "பதினஞ்சு நாள் கழிச்சு வாங்க" என்றார்கள். பதினைந்து நாள் கழித்து விரல் இருக்காது சார் என்றேன். "அதுக்கு நாங்க என்னம்மா பண்றது, வரிசைப்படிதான்" என்றார் அந்த ஆள், பத்து விரலாலும் டைப் அடித்துக்கொண்டே. வாலண்டியர்கள் கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். அது அவர் அதுவரை படுத்திருந்த அறை வாடகைக்கே சரியாகப் போனது. அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு ஆறு வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். பத்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. ஒன்றும் நடக்காமல் முடிந்தது.

மேடம் மட்டும் ஒரு வேலை செய்தார். "அந்த நோட்டக் கிழிச்சுப் போட்டுடு" என்று என்னிடம் சொன்னார். "அந்தாளு கொண்டுபோன ஜெராக்ச இன்சூரன்ஸ் கம்பெனி வெளிய விடாது, நான் பேசிட்டேன். ஒரிஜினல் இருந்தாத்தான் பிரச்சனை. லேபர் கோர்ட்டுன்னு யாராவது கிளம்பினா நாம குளோஸ்." நோட்டை நான் கிழிக்கவில்லை. டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

அடுத்த வாரம் அண்ணி வந்தார். தோளில் பெரிய துணிப் பை. என் மேஜையில் கவிழ்த்தார். வீல்சேர் சீட் உறைகள். பதினோரு உறைகள், எல்லாம் வெட்டி, ஓரம் மட்டும் அடித்து, பாதியில் நின்றவை.

"வீட்டுக்கும் கொண்டு வந்து தச்சிருக்காரு. இத எந்த நோட்டுல எழுதின?"

"இது எனக்கே தெரியாது அண்ணி."

"முடிக்க முடியல, மன்னிச்சுக்கச் சொல்லுன்னாரு. அவர் சொன்னதச் சொல்லிட்டேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்ப நான் கேக்கறேன். அந்த நிஜ நோட்டு எங்க?"

டிராயரைத் திறந்து கொடுத்தேன். மடியில் வைத்துப் பிரித்தார். எண்களைப் பார்க்கவில்லை, தேதிகளைத்தான் பார்த்தார். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது, நடுவில் ஓரிடத்தில் நின்றது.

"இந்த நாள்... சின்னவளுக்குக் காது வலி. துடிச்சிட்டா. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க, எனக்கு லீவு தர மாட்டாங்கன்னு போன் பண்ணினேன். கடையில அவசர ஆர்டர், நகர முடியாதுன்னாரு." நோட்டை என் பக்கம் திருப்பினார். "எத்தன மணி நேரம் போட்டிருக்க?"

"ஏழு, அண்ணி."

இன்னும் சில பக்கங்கள் புரட்டினார். இன்னோர் இடத்தில் நின்றார், அது என்ன நாள் என்று சொல்லவில்லை.

"உங்க ஆபீசுக்குக் கம்மியாக் காட்டினீங்க. என்கிட்ட அவரு காட்டவே இல்ல." நோட்டை மூடினார். "பாக்க வர்ற ஒவ்வொருத்தரும் எவ்ளோ நல்ல மனுஷன், எவ்ளோ நல்ல மனுஷன்னு சொல்லிட்டுப் போறாங்க. நானும் தலையாட்டிட்டு இருக்கேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "மன்னிச்சுக்குங்க அண்ணி" என்றேன்.

"நீ எதுக்கு அழற? உனக்கு விரல் இருக்கு, எழுதறதுக்கு." கோபமாகக் கூடச் சொல்லவில்லை. எழுந்தார். "இத நான் எடுத்துட்டுப் போறேன்."

"லேபர் ஆபீசுக்கா?"

"அங்கயும்தான். மொதல்ல வீட்டுக்கு. அவரு முன்னாடி வச்சு ஒவ்வொரு தேதியாக் கேக்கணும்."

பதினோரு உறைகளையும் மேஜையிலேயே விட்டுவிட்டு, நோட்டைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு நடந்தார். அதே நேரம் மேடத்தின் கார் உள்ளே நுழைந்தது. அண்ணி ஒதுங்கி வழிவிட்டார். மேடம் அவசரமாக இறங்கி வந்தார்.

"எப்படிம்மா இருக்காரு?"

"நல்லா இருக்காரு மேடம். ரெண்டு விரல் மட்டும் இனிமே வேலைக்கு வராது."

அப்போதுதான் மேடம் அண்ணியின் கையில் இருந்த நோட்டைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, வாசற்படியில் நின்ற என்னைப் பார்த்தார். நானா கொடுத்தேன் என்று அந்தக் கண் கேட்டது.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.